நெல்லை மாவட்டக் கணக்கு இடிக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

திருநெல்வேலிச் சீமையைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர், தொண்டு நிறுவனத்துக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கிறவர், செய்திக்குப் புள்ளிவிவரம் தேடுகிறவர் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டி நிற்கிறார்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு அட்டவணை, இரண்டு எண். இதில் எதை எழுதுவது?

பல நேரம் இரண்டுமே சரியாக இருக்கும். கேட்ட கேள்வி வேறாக இருக்கும், அல்லது மாவட்ட எல்லை வேறாக இருக்கும், அல்லது யாரையெல்லாம் எண்ணினார்கள் என்பது வேறாக இருக்கும். பிழை வரம்பு இந்த மூன்றையும் அளப்பதில்லை. எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டதால் எண் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஆகவே வரம்பு சிறியது என்பதற்காக எண்ணை நம்பிவிடவும் கூடாது, இரண்டு எண் இடிக்கிறது என்பதற்காக ஆய்வையே பொய் என்று தள்ளவும் கூடாது. எந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் அட்டவணையில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடி, அங்கிருந்து தொடங்குங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடு வீடாக எல்லோரையும் எண்ணுவது, சிலரை மட்டும் கேட்பதால் வரும் மாதிரிப் பிழை அதில் கிடையாது. அதற்காக அதில் பிழையே இல்லை என்று ஆகிவிடாது. 2011 கணக்கெடுப்பு முடிந்தபின் நடந்த சரிபார்ப்பு ஆய்வு, நாட்டளவில் ஆயிரம் பேருக்குச் சுமார் 23 பேர் விடுபட்டதாகக் கணக்கிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வு, தொழிலாளர் நிலையை அளக்கும் பிஎல்எஃப்எஸ், குடும்பச் செலவு ஆய்வு ஆகியவை மாதிரி ஆய்வுகள். பிழை வரம்பு என்ற பேச்சு இவற்றுக்குத்தான் பொருந்தும்.

அறிகுறி: மாவட்ட மக்கள்தொகை ஒரு இடத்தில் 30 லட்சம், இன்னொரு இடத்தில் 16 லட்சம்

இது எல்லைக் கோளாறு. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி என்று நீங்கள் பார்ப்பது, குறியீடு 628 கொண்ட பழைய முழு மாவட்டம். சங்கரன்கோவில், சிவகிரி, செங்கோட்டை எல்லாம் சேர்ந்த 11 வட்டங்கள், 30,77,233 மக்கள். 2019க்குப் பிந்தைய அரசு அறிக்கைகளில் திருநெல்வேலி என்றால் பெரும்பாலும் சுருங்கிய மாவட்டம். இரண்டையும் ஒரே வரிசையில் போட்டால் ஊரில் பாதிப் பேர் காணாமல் போன மாதிரி தெரியும்.

இன்னும் பின்னால் போகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. தூத்துக்குடி 1986இல் பிரிந்தது. 1981 கணக்கெடுப்பின் திருநெல்வேலி தூத்துக்குடியையும் சேர்த்துப் பரந்து கிடந்த மாவட்டம். 1981ஐயும் 1991ஐயும் அப்படியே கழித்து வளர்ச்சி விகிதம் போட்டால் அந்த விகிதத்துக்கு அர்த்தமே இல்லை.

சரிசெய்வதற்கு வட்டங்களைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். போதாது, ஏனென்றால் வட்டங்களும் உடைந்திருக்கின்றன. கடையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் அது அம்பாசமுத்திரம் வட்டத்தில் இருந்தது. இன்று அம்பாசமுத்திரம் திருநெல்வேலி மாவட்டத்தில், கடையம் தென்காசி மாவட்டத்தில். 2011 அம்பாசமுத்திரம் வட்டத்தை முழுசாகத் தூக்கிப் புதிய திருநெல்வேலியில் போட்டால் கடையம் பக்கத்து ஊர்களும் சேர்ந்து வந்துவிடும். மானூர், சேரன்மகாதேவி, திசையன்விளை, கடையநல்லூர், திருவேங்கடம் ஆகியவையோ 2011 பட்டியலில் வட்டமாகவே இல்லை. எனவே கிராமக் குறியீட்டு அளவுக்கு இறங்கி, ஒவ்வொரு வருவாய்க் கிராமமும் பேரூராட்சியும் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று ஒரு இணைப்பு அட்டவணை தயாரித்துக்கொண்டு, அதன் வழியாகக் கூட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் ஆயுசுக்கும் உதவும்.

கூட்டி முடித்ததும் ஒரு சோதனை. புதிய திருநெல்வேலிக்கு 16,65,253 என்றும் தென்காசிக்கு 14,07,627 என்றும் இரண்டு எண்கள் பரவலாகப் புழங்குகின்றன. இரண்டையும் கூட்டினால் 30,72,880 வரும். இது 2011இல் முதலில் வெளியான தற்காலிக மொத்தம். இறுதி மொத்தம் அதைவிட 4,353 கூடுதல். கிராமவாரியாக நீங்கள் போட்ட கூட்டல் 30,77,233ஐத் தொட்டால் உங்கள் கணக்குதான் சரி. புழங்கும் எண்ணோடு இடிக்கிறதே என்று அதைத் திருத்தப் போகாதீர்கள்.

அறிகுறி: குடும்பநல ஆய்வில் தென்காசியைத் தேடினால் கிடைக்கவில்லை

ஐந்தாவது குடும்பநல ஆய்வு 2019-21 என்று தலைப்பிடப்பட்டாலும், அதன் மாவட்டப் பட்டியல் 2017 மார்ச் 31 நிலவரப்படி எடுத்த 707 மாவட்டங்கள். தமிழ்நாட்டுக்கு அதில் 32தான். ஆகவே அதில் உள்ள திருநெல்வேலி தென்காசியையும் சேர்த்ததே. அந்தச் சதவீதத்தைச் சுருங்கிய மாவட்டத்தின் மக்கள்தொகையால் பெருக்கி 'இத்தனை ஆயிரம் பெண்கள்' என்று எழுதினால் இரண்டு பிழை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

கொத்துகளின், அதாவது மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த ஊர்கள், நகரப் பகுதிகளின் இருப்பிடக் குறிப்பை வைத்து இரண்டாகப் பிரிக்கலாமே என்று கேட்பார்கள். முயலலாம், ஆனால் அந்தப் புள்ளிகள் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டவை. பதில் சொன்னவர்களின் ஊர் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையும், கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரையும் தள்ளி வைக்கிறார்கள். கிராமக் கொத்துகளில் நூற்றுக்கு ஒன்றை 10 கிலோமீட்டர் வரைகூடத் தள்ளுவார்கள். ஆலங்குளத்துக்கும் முக்கூடலுக்கும் நடுவில் விழும் ஒரு புள்ளி எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரித்தபின் ஒவ்வொரு பாதிக்கும் மிஞ்சும் கொத்துகளும் சொற்பம்.

வட்ட அளவில் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நேரடியான பதில், முடியாது என்பதுதான். மாவட்டத்துக்குச் சுமார் 900 வீடு, கொத்துக்கு 22 வீடு என்றால் மொத்தமே நாற்பது கொத்து. அதை இன்றைய இரண்டு மாவட்டங்களின் பதினாறு வட்டத்துக்குப் பங்கிட்டால் வட்டத்துக்கு இரண்டு மூன்று கிராமம்தான் வரும்.

அறிகுறி: கூட்டுத்தொகை அபத்தமாக வருகிறது

மொத்த மக்கள்தொகை கோடி கோடியாக வந்தாலும், வெறும் சில ஆயிரமாக வந்தாலும், எடையில்தான் கோளாறு. ஒவ்வொருவரின் பதிலுக்கும் கணக்கில் எவ்வளவு பங்கு என்று காட்டும் எண்தான் எடை.

குடும்பநல ஆய்வின் மூலக்கோப்பில் எடை வி005 என்ற பத்தியில் இருக்கும். ஆறு தசம இடத்தை விட்டுவிட்டு முழு எண்ணாக எழுதியிருப்பார்கள், எனவே 10 லட்சத்தால் வகுக்க வேண்டும். வகுத்தபின் எடைகளைக் கூட்டினால் மாதிரியில் உள்ள ஆட்களின் எண்ணிக்கைதான் வரும், மக்கள்தொகை வராது. இந்த எடை விகிதம் எடுக்க மட்டுமே. 'மாவட்டத்தில் எத்தனை பெண்கள்' என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பிஎல்எஃப்எஸ், குடும்பச் செலவு ஆய்வு போன்ற தேசிய மாதிரி ஆய்வுக் கோப்புகளில் எடையாக இருக்கும் 'பெருக்கி' வேறு வகை. அதில் இரண்டு தசம இடம் மறைந்திருக்கும். என்எஸ்எஸ், என்எஸ்சி என்ற இரண்டு பத்திகளும் சமமாக இருந்தால் 100ஆலும், இல்லையென்றால் 200ஆலும் வகுக்கச் சொல்வார்கள். பிஎல்எஃப்எஸ்ஸின் பழைய ஆண்டுக் கோப்புகளில் இதோடு காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் பிஎல்எஃப்எஸ் வடிவமைப்பே மாறிவிட்டதால், பழைய கோப்புக்கு எழுதிய நிரலைப் புதியதில் அப்படியே ஓட்டாதீர்கள். கோப்போடு வரும் வடிவமைப்புக் குறிப்பில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மொத்தம் மக்கள்தொகை முன்கணிப்பைவிடக் குறைவாக வந்தால் பதற வேண்டாம். இந்த ஆய்வுகளின் மொத்தம் குறைவாக வருவது தெரிந்த விஷயம். ஆய்விலிருந்து விகிதத்தை மட்டும் எடுத்து, முன்கணித்த மக்கள்தொகையோடு பெருக்குவதே நடைமுறை.

அறிகுறி: பிழை வரம்பு நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாக வருகிறது

எனக்குத் தெரிந்து ஆய்வேடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். தேர்வாளர்களும் கவனிப்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழாய்த் தண்ணீர் வரும் வீடு 70 சதவீதம், மாதிரி 900 வீடு என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகச் சூத்திரப்படி 0.7ஐ 0.3ஆல் பெருக்கி, 900ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால், வரம்புக்கு அடிப்படையான திட்டப்பிழை 1.53 சதவீதம். அதை 95 சதவீத நம்பிக்கை மட்டத்துக்கான 1.96ஆல் பெருக்கினால் வரம்பு கூட்டல் கழித்தல் 3. ஆக 67 முதல் 73 வரை. பார்க்க லட்சணமாக இருக்கிறது, ஆனால் தவறு.

அந்தச் சூத்திரம் 900 வீட்டையும் மாவட்டம் முழுவதிலும் இருந்து தனித்தனியாகக் குலுக்கிப் போட்டு எடுத்ததாக எண்ணிக்கொள்கிறது. நடந்தது அப்படியல்ல. நாற்பது ஊரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஊரிலும் 22 வீட்டைக் கேட்டார்கள். தண்ணீர் விஷயத்தில் ஒரு ஊரின் வீடுகள் ஒன்றுபோல இருக்கும். தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் ஊருக்குள் வந்திருந்தால் இருபத்திரண்டு வீட்டிலும் வரும். ராதாபுரம் பக்கம் குழாய் எட்டாத ஒரு குக்கிராமம் என்றால் இருபத்திரண்டிலும் வராது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஒரே பானையில் இருபத்திரண்டு சோற்றை எடுத்துப் பார்த்தாலும் தெரிவது அந்தப் பானையின் பதம்தான்.

இதை வடிவமைப்பு விளைவு என்ற எண்ணால் அளக்கிறார்கள். கொத்தில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஊருக்குள் வீடுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அது கிடைக்கும். கொத்துக்கு 20 வீட்டில் பதில் கிடைத்தது, ஒப்புமை அளவு 0.05 என்றால் விளைவு 1.95. தண்ணீர், கழிப்பறை மாதிரியான விஷயத்தில் ஒப்புமை 0.3 அளவுக்குப் போனால் விளைவு 6.7. வர்க்கமூலம் எடுத்துப் பெருக்கினால் மேலே சொன்ன 3 சதவீத வரம்பு 7.8 ஆகிவிடும். 62 முதல் 78 வரை! 67 முதல் 73 என்று அச்சடித்த அட்டவணை வாசகரிடம் இல்லாத உறுதியைச் சொல்கிறது.

மூலக்கோப்பு கையில் இருந்தால் ஆர், ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருள் எதுவானாலும் முதலில் கொத்து, அடுக்கு (கொத்துகளைத் தேர்ந்தெடுக்கும் முன் பிரித்த பிரிவு), எடை மூன்றையும் அறிவித்துவிட்டுப் பிறகு கணக்கிடுங்கள். குடும்பநல ஆய்வில் கொத்து வி021 பத்தியில் இருக்கும். எக்செல்லில் சராசரி எடுத்து வரம்பு போடுவது இந்தத் தரவுக்கு ஆகாது.

மூலக்கோப்பு இல்லை, குடும்பநல ஆய்வின் மாவட்டத் தகவல் தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் வழி இருக்கிறது. தாளில் வரம்பு அச்சிட்டிருக்காது. ஆனால் எத்தனை வீடு, எத்தனை பெண்களைக் கேட்டார்கள் என்று எழுதியிருக்கும். முழு அறிக்கையின் பின்னிணைப்பில் மாதிரிப் பிழை அட்டவணை உண்டு, அதில் முக்கியக் குறியீடுகளுக்கு வடிவமைப்பு விளைவின் வர்க்கமூலத்தையே கொடுத்திருப்பார்கள். அதைக் கடன் வாங்கி உங்கள் எளிய திட்டப்பிழையைப் பெருக்கிக்கொள்ளுங்கள். தோராயம்தான், ஆனால் 3 சதவீதம் என்று எழுதுவதைவிட உண்மைக்கு எவ்வளவோ பக்கம்.

தாளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தது. நட்சத்திரக் குறி இருந்தால் 25 பேர்கூட இல்லை. தட்டச்சு செய்யும்போது அடைப்புக்குறியை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் எழுதுகிறவர்கள் அதிகம். அந்தக் குறிதான் அந்த எண்ணுக்கான எச்சரிக்கை, அதை எடுக்காதீர்கள்.

அறிகுறி: மென்பொருள் 'அடுக்கில் ஒரே கொத்து' என்று சொல்லித் திட்டப்பிழை தர மறுக்கிறது

திருநெல்வேலி வரிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதன்பிறகு வடிவமைப்பை அறிவித்திருப்பீர்கள். வரிசையை மாற்றுங்கள்: முழுக் கோப்புக்கும் அறிவித்துவிட்டு, பிறகு துணைத்தொகுதியாக மாவட்டத்தைக் கேளுங்கள். அப்படியும் மிஞ்சினால் தனிக்கொத்து அடுக்கை மொத்தச் சராசரியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் தெரிவு ஆர், ஸ்டேட்டா இரண்டிலும் உண்டு. அந்த அடுக்கையே கழற்றிவிடுவது மட்டும் வேண்டாம்.

அறிகுறி: ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள் என்கிறது ஒன்று, 1,020 என்கிறது இன்னொன்று

முதல் எண் 2011 கணக்கெடுப்பின் நாட்டளவு விகிதம், இரண்டாவது ஐந்தாவது குடும்பநல ஆய்வின் நாட்டளவு விகிதம். பத்து வருடத்தில் இத்தனை பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று மேடையில் பேசியவர்களும் உண்டு. குடும்பநல ஆய்வு முந்தின நாள் இரவு அந்த வீட்டில் தங்கியவர்களை எண்ணுகிறது. விடுதி, முகாம், கட்டடப் பணியிடக் கொட்டகை இவற்றில் படுப்பவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை. அங்கே படுப்பவர்களில் ஆண்கள்தான் அதிகம்.

நம் பக்கம் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். வள்ளியூர், திசையன்விளை, நாங்குநேரிப் பக்கம் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் மும்பையில் கடை, கேரளாவில் வேலை, வளைகுடாவில் ஒப்பந்தம் என்று வீட்டு ஆண்கள் வெளியே இருப்பார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் விகிதம் 1,023, மாநிலத்துக்கு 996. ஆகவே இந்த இரண்டு ஆய்வின் மொத்தப் பாலின விகிதத்தையும் ஒப்பிட்டுப் 'போக்கு' என்று எழுதாதீர்கள்.

பிறப்பின்போதான பாலின விகிதம் தனிக் கதை. அது பெண்சிசு விஷயம் என்பதால் மாவட்ட எண் இறங்கினால் உடனே தலைப்புச் செய்தி ஆகிவிடும். ஒரு மாவட்ட மாதிரியில் ஐந்து வருடத்தில் 300 பிறப்பு பதிவாகியிருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விகிதம் 953 என்றால் வரம்பு கூட்டல் கழித்தல் 216. அதாவது 740இலிருந்து 1,170 வரை எதுவும் இருக்கலாம். ஒரு ஆய்வில் 1,000, அடுத்ததில் 880 என்று வந்தால், அந்த எண்களை மட்டும் வைத்து எந்த ஊர் மக்கள் மீதும் பழி சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்குப் பிறப்புப் பதிவேட்டைத்தான் தேடிப் போக வேண்டும். அதில் மாதிரி கிடையாது, வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பிறப்பு இருக்கும்.

அறிகுறி: வேலை செய்யும் பெண்களின் சதவீதம் ஆய்வுக்கு ஆய்வு தாறுமாறாக மாறுகிறது

முதலில் வரையறையைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுந்தொழிலாளர். பிஎல்எஃப்எஸ்ஸின் 'வழக்கமான நிலை' வருடத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டு, துணை வேலையாக 30 நாள் செய்திருந்தாலும் சேர்த்துக்கொள்ளும். அதே ஆய்வின் 'நடப்பு வார நிலை' கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும் என்கிறது. மூன்றும் மூன்று அளவுகோல். வார நிலை வயல் வேலையோடு ஏறி இறங்கும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களில், பிசான அறுவடைக்கும் கார் நடவுக்கும் இடையில் ஆள் தேவைப்படாத வாரத்தில் கேட்டால் எண் இறங்கத்தான் செய்யும். காலாண்டை அடுத்த காலாண்டோடு ஒப்பிடாமல், போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

இதையெல்லாம் ஒன்றாக்கிய பிறகும் எண் இடித்தால், கேள்வி கேட்கப்பட்ட திண்ணைக்குப் போக வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையநல்லூர் எங்கே போனாலும் மதியத்துக்கு மேல் பெண்கள் மடியில் சொளகை (முறத்தை) வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். நனைத்த இலையைக் கத்தரியால் அளவுக்கு வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றுவார்கள். கை நிற்பதே இல்லை. களப்பணியாளர் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்:

"வேலை எதுவும் பாக்கியளாம்மா?"

"வேலையா? வீட்லதான் சும்மா இருக்கேன்."

அவர் அதை அப்படியே எழுதினால் அந்தப் பெண் 'வீட்டு வேலை மட்டும்' என்ற 92ஆம் குறியீட்டுக்குப் போய்விடுவார். சொளகைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுத்துவிய?" என்று கேட்கத் தெரிந்த பணியாளர் என்றால் அதே பெண் தொழிலாளர் ஆவார். ஒரு ஊரின் பெண் தொழிலாளர் விகிதம் இந்த ஒரு கேள்வியில் தலைகீழாக மாறும். பிழை வரம்பில் இதன் நிழல்கூடத் தெரியாது. மாதிரியை இரண்டு மடங்கு ஆக்கினாலும் 'சும்மா இருக்கேன்' என்ற பதில் இரண்டு மடங்கு சேருமே தவிர, சரியாகாது.

தொழிலாளர் என்று பதிவானபின் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. கம்பெனி இலையும் தூளும் கொடுத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி தந்து, பாஸ் புத்தகத்தில் வரவு வைக்கிறது. நம் பேச்சில் அவர் கூலித் தொழிலாளி. ஆனால் பொருளை வாங்கி வந்து வீட்டிலிருந்தே செய்து கொடுப்பவர்களைத் தேசிய மாதிரி ஆய்வின் வரையறை சுயதொழில் செய்பவராக வகைப்படுத்துகிறது. 'நெல்லையில் சுயதொழில் செய்யும் பெண்கள் அதிகம், தொழில்முனைவு வளர்கிறது' என்று எழுதிய கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பெண்களிடம் முதலீடு செய்யவோ விலை வைக்கவோ எதுவும் இல்லை. நிலைக் குறியீட்டோடு நிறுத்தாமல் தொழில்துறைக் குறியீட்டையும் சேர்த்துக் குறுக்கு அட்டவணை போடுங்கள், புகையிலைப் பொருள் தயாரிப்பு அங்கே தனியாகத் தெரியவரும். மாவட்ட அளவில் எண்ணிக்கை போதாவிட்டால், தமிழ்நாட்டின் தென்மண்டலம் முழுவதற்கும் எடுங்கள்.

அறிகுறி: வயது வரைபடத்தில் 30, 35, 40, 45இல் மட்டும் முள்முள்ளாக நிற்கிறது

"ஆச்சி, வயசு என்ன?" "அம்பது இருக்கும்யா." இதுதான் காரணம். ஐந்து வயதுத் தொகுப்பாகச் சேர்த்துப் பயன்படுத்துங்கள், ஒற்றை வயதில் முடிவு எடுக்காதீர்கள். குடும்பநல ஆய்வில் கூடுதலாக ஒன்றைப் பாருங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களைத்தான் நேர்காணல் செய்ய வேண்டும் என்பதால், 48, 49இல் பள்ளமும் 50இல் மேடும் இருந்தால் வேலையைக் குறைக்க வயது கூட்டி எழுதப்பட்டிருக்கலாம்.

அறிகுறி: வரம்பின் கீழ்முனை சுழியத்துக்குக் கீழே போகிறது, அல்லது வரம்பே சுழியமாக வருகிறது

150 பேரில் 2 பேர் என்றால் 1.3 சதவீதம். வழக்கமான சூத்திரப்படி வரம்பு மைனஸ் 0.5இல் தொடங்கும். கீழ்முனை சுழியத்துக்குக் கீழே போகாத வில்சன் முறையைப் பயன்படுத்துங்கள், 0.4 முதல் 4.7 வரை என்று வரும். 120 பேரில் ஒருவர்கூட இல்லை என்றால் '0 சதவீதம், பிழை 0' என்று எழுதாதீர்கள். மூன்றை மாதிரி எண்ணிக்கையால் வகுத்தால் மேல்முனை கிடைக்கும், இங்கே 2.5 சதவீதம். வடிவமைப்பு விளைவு 2 என்றால் 120 பேர் 60 பேருக்குச் சமம், மேல்முனை 5 சதவீதம்.

அறிகுறி: இரண்டு மாவட்டங்களின் வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, வித்தியாசம் உண்டா இல்லையா?

ஒரு கற்பனைக் கணக்கு: திருநெல்வேலி 62, தூத்துக்குடி 55, இரண்டுக்கும் வரம்பு 4. ஒன்று 58 முதல் 66, மற்றது 51 முதல் 59. லேசாக மேலே படிகிறது, எனவே வித்தியாசம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். வித்தியாசத்துக்கென்று தனி வரம்பு எடுக்க வேண்டும். 4இன் வர்க்கத்தையும் 4இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5.7. வித்தியாசம் 7. ஆகவே வித்தியாசம் உண்டு.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. 32 மாவட்டத்தையும் தரவரிசைப்படுத்தி, ஒவ்வொரு ஜோடியையும் ஒப்பிட்டால் 496 ஒப்பீடு. உண்மையில் எல்லா மாவட்டமும் ஒன்றுபோல இருந்தாலும், 95 சதவீத அளவுகோலில் ஏறக்குறைய 25 ஜோடி தற்செயலாகவே 'வேறுபடும்'. 'நெல்லை ஏழாவது இடத்திலிருந்து பன்னிரண்டாவது இடத்துக்குச் சரிந்தது' என்ற வரிக்கு இந்தத் தரவில் பெரும்பாலும் ஆதாரம் இருக்காது.

அறிகுறி: அமெரிக்க அட்டவணையின் வரம்பும் நம் கணக்கும் ஒத்துப்போகவில்லை

வெளிநாட்டு நிறுவனத்துக்கு நம் ஊரிலிருந்து தரவு வேலை செய்பவர்களுக்கு இது. அமெரிக்கச் சமூக ஆய்வின் அட்டவணைகளில் அச்சிடப்படும் வரம்பு 90 சதவீத நம்பிக்கை மட்டத்துக்கானது. திட்டப்பிழை வேண்டுமென்றால் 1.645ஆல் வகுக்க வேண்டும், 1.96ஆல் வகுக்கக் கூடாது. பல பகுதிகளைக் கூட்டும்போது வரம்புகளை நேராகக் கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். வழக்கமான ஓராண்டு மதிப்பீடு 65,000 பேரோ அதற்கு மேலோ உள்ள பகுதிகளுக்குத்தான் வரும். சிறிய பகுதிக்கு ஐந்தாண்டுத் தொகுப்பை எடுத்தால், ஆண்டுகள் ஒன்றோடொன்று படியும் இரண்டு தொகுப்புகளை ஒப்பிடாதீர்கள்.

அறிகுறி: இரண்டு கோப்புகளை இணைத்தால் பாதி வரிகள் காணவில்லை

எக்செல் குறியீட்டின் முன்னால் உள்ள சுழியங்களைத் தின்றிருக்கும். 01 என்பது 1 ஆகியிருக்கும். குறியீட்டுப் பத்தியை எழுத்து வடிவமாக இறக்குமதி செய்யுங்கள். ஊர்ப் பெயரை வைத்து இணைக்கவே வேண்டாம், ஒரே பெயரில் எத்தனை புதுக்குடி, எத்தனை புதூர் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

எந்த அறிகுறியும் பொருந்தவில்லை என்றால்

யாரிடமாவது உதவி கேட்கும்போது 'எண் தப்பாக வருகிறது' என்று மட்டும் எழுதினால் யாராலும் சொல்ல முடியாது. கோப்பின் பெயரும் ஆண்டும், எந்த மாவட்ட எல்லை, எடை போடாத ஆட்களின் எண்ணிக்கை, எந்த எடைப் பத்தியை எதனால் வகுத்தீர்கள், எந்த வரிகளை நீக்கினீர்கள், அறிக்கையில் அச்சான எண் என்ன, உங்களுக்கு வந்த எண் என்ன என்பதைச் சேர்த்து அனுப்புங்கள். முதலில் மாநில எண்ணை உங்கள் நிரலால் எடுத்து, அச்சான அறிக்கையோடு தசமம் வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது ஒத்துப்போனால் நிரல் சரி, கோளாறு மாவட்டத்தைப் பிரித்த இடத்தில் இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் மாவட்டத்துக்கு இறங்காமல் எடைக்குத் திரும்புங்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு புதிய எல்லைகளோடு வருகிறது. கிராமவாரி இணைப்பு அட்டவணையை இப்போதே தயாரித்து வைத்திருப்பவர்களுக்கு, அன்று 2011ஓடு ஒப்பிடும் வேலை பாதி முடிந்திருக்கும்.